பானைக்குள் விழாத ஓலை

மாமல்லபுரத்துக்கு வடக்கிலும் தெற்கிலும் கடலை ஒட்டிக் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கணக்குக்காக அவற்றைப் போன்ற ஒரு குப்பத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். அறுபது குடும்பம். அரசுப் பணம் ஒரே ஒரு வேலைக்குத்தான் வரும். கரை அரிக்காமல் இருக்கத் தூண்டில் வளைவு வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். மீனை வெயிலில் கொட்டி விற்காமல் இருக்க ஏலக்கூடம் வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். மற்றவர்கள் கேட்பது வலை பின்னும் கூடம். கரையோரம் வீடுள்ள இருபது குடும்பத்துக்கு முதலில் வளைவு, அது இல்லையென்றால் ஏலக்கூடம், கடைசியாகத்தான் வலைக்கூடம். மீன் விற்கும் பெண்களின் சொல் எடுபடும் இருபது குடும்பத்துக்கு முதலில் ஏலக்கூடம், பிறகு வலைக்கூடம், கடைசியில் வளைவு. மிச்சமுள்ள இருபதுக்கு வலைக்கூடம், பிறகு வளைவு, அதன்பின் ஏலக்கூடம்.

இரண்டிரண்டாக வைத்துக் கை தூக்கச் சொல்வோம். வளைவா ஏலக்கூடமா என்று கேட்டால் நாற்பது குடும்பம் வளைவின் பக்கம். ஏலக்கூடமா வலைக்கூடமா என்றால் நாற்பது குடும்பம் ஏலக்கூடத்தின் பக்கம். அப்படியானால் வளைவுக்கும் வலைக்கூடத்துக்கும் நடுவில் வளைவுதான் ஜெயிக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் நாற்பது குடும்பம் வலைக்கூடத்துக்குக் கை தூக்கியிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அதைவிட வேறொன்றை விரும்புகிறார்கள். இங்கே யாரும் காசு வாங்கவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணியதிலும் தப்பில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் மனமும் தெளிவாக இருக்கிறது. ஊரின் மனம் என்று ஒன்றைத் தேடும்போதுதான் அது வட்டமாகச் சுற்றி வந்து நிற்கிறது.

இந்தச் சுழலை 1785-இல் பிரான்சில் கொந்தோர்சே எழுதி வைத்தார். அதில் நான் மிகவும் கவலையோடு பார்ப்பது ஒரு விளைவைத்தான். முதலில் வளைவையும் ஏலக்கூடத்தையும் மோதவிட்டு, வென்றதை வலைக்கூடத்தோடு மோதவிட்டால் வலைக்கூடம் கட்டப்படும். வரிசையை மாற்றினால் முடிவும் மாறும். கடைசியில் எதைக் கொண்டுவருகிறோமோ அதுவே வெல்லும். எதை முன்னால் வைப்பது, எதைப் பின்னால் வைப்பது என்று தீர்மானிக்கிறவர் ஒரு ஓட்டுகூடப் போட வேண்டியதில்லை. கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானங்களின் பட்டியலை யார் எழுதிக்கொண்டு வருகிறார் என்பதை நாம் எழுத்து வேலையாக எண்ணி விட்டுவிடுகிறோம். அதிகாரம் அங்கேயும் இருக்கிறது.

இது ஏதோ அபூர்வமான விபத்து, எண்ணும் முறையைத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நம்பினார்கள். 1951-இல் அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ அந்த நம்பிக்கைக்கு எல்லை வகுத்தார். அவர் கேட்டவை எளிய நிபந்தனைகள். மக்கள் எந்த வரிசையில் விரும்பினாலும் முறை வேலை செய்ய வேண்டும். எல்லோரும் ஒன்றைவிட இன்னொன்றை விரும்பினால் ஊர் முடிவும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டுக்கு இடையிலான தேர்வு, மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறக் கூடாது. ஊர் முடிவு தனக்குள் முரண்படாத ஒரே வரிசையாக இருக்க வேண்டும். ஒரே ஆளின் விருப்பம் ஊர் முடிவாக ஆகிவிடக் கூடாது. தேர்வுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால், இவை அனைத்தையும் ஒருசேர நிறைவேற்றும் முறை கிடையாது என்று அவர் நிறுவினார். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கவே முடியாது என்றார். 1973-இல் ஆலன் கிப்பர்டும் 1975-இல் மார்க் சாட்டர்த்வெய்ட்டும் இன்னொன்றைச் சேர்த்தார்கள்: மூன்று பேராவது வெல்ல வாய்ப்புள்ள தேர்தலில், ஒரே ஆளின் விருப்பமே முடிவாக இருந்தால் ஒழிய, உண்மையான விருப்பத்தை மறைத்து ஓட்டுப் போடுவதால் யாருக்காவது ஆதாயம் கிடைக்கும் நிலை வந்தே தீரும். நம் ஊர் டீக்கடைகளில் இதைத் தேற்றம் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார்கள். ‘ஜெயிக்கிறவனுக்குப் போடு, ஓட்டை வீணாக்காதே’ என்பது அதன் சாரம்தான்.

தமிழ்நாட்டில் கூட்டணிகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் இங்கிருந்தே விளங்கும்: வாக்கு சிதறினால் இடம் போய்விடும். 2014 மக்களவைத் தேர்தலில் அதிமுக சுமார் 44 விழுக்காடு வாக்கு பெற்று 39 இடங்களில் 37-ஐப் பிடித்தது. திமுகவுக்கு 23 விழுக்காட்டுக்கும் மேல் வாக்கு கிடைத்தது. இடம் ஒன்றுகூட இல்லை. சட்டப்படி எதுவும் தவறில்லை. தொகுதிக்கு ஒருவர், கூடுதல் வாக்கு பெற்றவரே வென்றவர் என்ற விதி தன் வேலையைத்தான் செய்தது. அந்த 23 விழுக்காடு மக்களுக்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில் அந்த விதிக்குச் சொல் இல்லை.

ஆரோவின் முட்டுச்சந்தைத் தாண்டக் கணிதம் ஒரு வழியைக் காட்டுகிறது. ‘மக்கள் எந்த வரிசையில் விரும்பினாலும்’ என்ற முதல் நிபந்தனையைக் கைவிட்டுவிட்டால் போதும். எல்லோருடைய விருப்பமும் ஒரே கோட்டின் மேல், இடமிருந்து வலமாக அமைந்துவிட்டால் சுழல் வராது, பெரும்பான்மை ஒழுங்காக வேலை செய்யும் என்று 1948-இல் ஸ்காட்லாந்துக்காரர் டங்கன் பிளாக் காட்டினார். பேச்சுத் தமிழில் சொன்னால், ஒத்த மனதுள்ளவர்கள் கூடினால் நியாயமான முடிவு எளிது.

இதே கடற்கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளில் அதைக் காணலாம். சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்களில், எந்த வலை போடலாம், எது கூடாது, தகராறுக்குத் தண்டம் எவ்வளவு என்பதை ஊர் கூடித்தான் முடிவு செய்கிறது. மார்ட்டன் பாவிங்க் என்ற டச்சு ஆய்வாளர் 2001-இல் வெளியான தம் நூலில் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஓட்டுப்பெட்டி இல்லை, பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஒரே சாதி, ஒரே தொழில், ஒரே கடல். அந்த ஒற்றுமையை நான் மதிக்கிறேன். அரசு எட்டிப் பார்க்காத காலத்தில் கடலைக் காத்தது அதுதான். ஆனால் ஊருக்கு வரி கட்டும் ஆண்தான் அங்கே ஊர்க்காரர். மீனைத் தலையில் சுமந்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகப் பங்கிடப்பட்ட இடங்களில் விதவைகளும், ஊருக்கு வெளியே வாழ்ந்த தலித் கூலிகளும் விடுபட்டார்கள். தொழிலுக்குள்ளேயே நலன்கள் பிரிந்ததும் பேச்சும் முடிவுக்கு வராமல் போனது. பெரிய வலையான சுருக்குவலையைத் தமிழக அரசு 2000-இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் போடலாம் என்று இடைக்கால உத்தரவிட்டது. சின்னப் படகுக்காரரும் பெரிய வலைக்காரரும் ஒரே ஊரில் இருந்தும் முடிவு டெல்லியில் இருந்து வர வேண்டியதாயிற்று.

கரையை விட்டு உள்நாட்டுக்குள் போனால் உத்திரமேரூர். நெடுங்காலம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் வெட்டப்பட்டவை. ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை என்று பள்ளியில் எல்லோரும் படித்தது இதைத்தான். ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்கள் ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையோடு கட்டாகக் கட்டிக் குடத்தில் இடப்படும். சிறியவர் முதல் பெரியவர் வரை சபை கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்திருக்க வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் அவிழ்த்துப் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பார். பிறகு நம்பிமார் அனைவரும் படிப்பார்கள். கைக்குள் எதையும் ஒளிக்க முடியாதபடி விரலை விரிக்கச் சொன்ன அந்த நுணுக்கத்தைப் படிக்கும்போதெல்லாம், ஏமாற்று நடந்து அடிபட்ட ஊர் ஒன்று எழுதிய விதி இது என்றே எனக்குத் தோன்றும். முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 வரை என்று திருத்தப்பட்டது. பதவிக் காலம் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவருக்கு மீண்டும் இடமில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டார்கள்.

இதை உலகின் பழைய மக்களாட்சித் தேர்தல் என்று மேடைகளில் சொல்கிறோம். நடந்தது குலுக்கல். யாரும் தம் விருப்பத்தைச் சொல்லவில்லை. சொல்லாததால் அதை மறைக்கவும் தேவை எழவில்லை. 1977-இல் கிப்பர்ட் இன்னொரு முடிவுக்கு வந்தார்: எல்லோரும் ஒன்றையே விரும்பினால் அதைத் தேர்ந்தெடுத்து, மற்ற நேரங்களில் யாருக்கும் பொய்யால் ஆதாயம் தராத ஒரே வழி, எல்லோருடைய சீட்டையும் போட்டுக் குருட்டாம்போக்கில் ஒன்றை எடுத்து, அதில் உள்ளதையே முடிவாகக் கொள்வது. உத்திரமேரூர் செய்தது அதுவே அல்ல, ஆனால் அதன் நெருங்கிய உறவு. வெனிஸ் நகரமும் 1268 முதல் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கலையும் வாக்கெடுப்பையும் மாற்றி மாற்றி அடுக்கியது. அங்கேயும் குலுக்கலுக்குச் சிறுவன் ஒருவனைத்தான் அழைத்தார்கள். கட்சி கட்டிக் கைப்பற்ற முடியாத இடத்தில் அதிகாரத்தை வைக்க வேண்டும் என்று, ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்கள் நினைத்திருக்கின்றன. நம் சட்டத்திலும் அதன் எச்சம் உண்டு. வாக்குகள் சமமானால் குலுக்கிப் போட்டு முடிவு செய்யச் சொல்கிறது 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. 2017-இல் மும்பை மாநகராட்சியின் ஒரு வார்டும் குலுக்கலில்தான் முடிவானது.

குலுக்கலின் நேர்மை குடத்தின் வாயோடு தொடங்குகிறது. அதற்குள் எந்த ஓலை விழும் என்பது அதற்கு முன்பே முடிவாகிவிட்டது. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. வேதமும் உரையும் கூடுதலாகக் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும். உத்திரமேரூர் பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தை உழுதவர், ஏரிக் கரையை மண் வெட்டிப் போட்டு உயர்த்தியவர், பெண்கள் என யாருடைய பெயரும் ஓலையில் எழுதப்படவில்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை அத்தனை கவனத்தோடு தேர்ந்தெடுத்த ஊரில், ஏரியின் சேற்றில் நின்றவருக்கு ஒரு சீட்டு இல்லை. சுழல் வராத ஊரை அமைக்கச் சுலபமான வழி, வேறுபட்டு விரும்பக்கூடியவர்களைக் கணக்கில் எடுக்காமல் இருப்பதுதான். ஆரோவின் தேற்றத்தைப் பற்றி வருந்துகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். தேர்தல் சிக்கலாகிறது என்றால், முன்பு வெளியே நின்றவர்கள் உள்ளே வந்திருக்கிறார்கள்.

அப்படி உள்ளே வர முயன்ற ஒருவர் அதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்தவர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார்; பின்னர் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு சென்று, ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கத் தனித் தொகுதி வேண்டும் என்று வாதாடினார். சமூகத் தெரிவுக் கோட்பாட்டின் மிகக் கடினமான கேள்வியை அவர்கள் ஆரோவுக்கு இருபது ஆண்டு முன்பே கேட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம். யாருடைய ஓட்டு என்று பாராமல் எல்லா ஓட்டையும் ஒன்றாக எண்ணுவது நியாயத்தின் முதல் நிபந்தனை. கென்னத் மே 1952-இல் பெரும்பான்மை விதிக்கு நிரூபணம் எழுதியபோது அதையே அடிப்படையாக வைத்தார். ஆனால் ஊர்த் தெருவும் சேரியும் பிரிந்து கிடக்கும் கிராமத்தில், யார் போட்ட ஓட்டு என்று பாராமல் எண்ணினால், சேரியின் தேர்வு ஊர்த் தெருவின் தேர்வுக்குள் கரைந்து போகும். ஒரு நியாயத்தைக் காப்பாற்றும் கையே இன்னொரு நியாயத்தை அழுத்துகிறது.

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் வகுப்புவாரித் தீர்ப்பு தனித் தொகுதியைத் தந்தது. அதை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24-இல் புனா ஒப்பந்தம் கையெழுத்தானது, சீனிவாசனும் கையெழுத்திட்டார். மாகாண சபைகளில் ஒதுக்கிய இடங்கள் 71-இலிருந்து 148 ஆயின. தனித் தொகுதிக்கு மாற்றாகத் தேர்தல் இரண்டு கட்டமானது. முதல் கட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் மட்டும் வாக்களித்து ஓர் இடத்துக்கு நால்வரைத் தேர்ந்தெடுப்பார்கள்; அந்த நால்வரில் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அந்த விதியின்படி முதல் கட்டத்தில் தம் மக்களிடம் நான்காவதாக வந்தவரும் வெல்லலாம். அவர் வெல்வது மற்றவர்கள் கையில் இருக்கிறது. 1945 டிசம்பரில் முதல் கட்டத்தில் முந்திய அம்பேத்கர் கட்சியினர் பலர், 1946-இல் இரண்டாம் கட்டத்தில் தோற்றார்கள். அதே மக்கள், அதே விருப்பம். எண்ணிய இடம் மட்டும் வேறு. அம்பேத்கர் இதைக் கோபத்தோடு சுட்டிக்காட்டினார். அந்தக் கோபம் நியாயமானது.

நம் அரசியல் சாசனம் முதல் கட்டத்தையும் எடுத்துவிட்டது. இடம் ஒதுக்கப்படும், வேட்பாளர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருப்பார், வாக்களிப்பது எல்லோரும். 1947 ஆகஸ்டு இறுதியில் அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் எஸ். நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஒதுக்கிய இடத்தில் வெல்கிறவர், பட்டியல் சாதியினர் போட்ட வாக்குகளில் 35 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும். வல்லபபாய் படேல் கடுமையாக எதிர்த்தார். திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அந்த விதி வந்திருந்தால் தொகுதி முழுவதிலும் அதிக வாக்கு பெற்றவர் தோற்கும் நாள் வந்திருக்கும். யார் எந்தச் சாதி வாக்காளர் என்று எண்ணும் தேவையும் வந்திருக்கும். அதை மறுப்பதற்கில்லை. அது வராததன் சுமையைச் சுமந்தவர்கள் யார் என்பதையும் மறுப்பதற்கில்லை.

இன்று காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. செங்கல்பட்டு, திருப்போரூர், செய்யூர், மதுராந்தகம், உத்திரமேரூர், காஞ்சிபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கும். மாமல்லபுரத்துக் கடற்கோயிலும் உத்திரமேரூரின் குடவோலைச் சுவரும் ஒரே எல்லைக்குள். செய்யூரும் மதுராந்தகமும் சட்டமன்றத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. ஆயிரம் ஆண்டுக்கு முன் உத்திரமேரூர்க் குடத்தில் விழ முடியாத ஓலைக்கு இன்று முழு இடமே ஒதுக்கப்பட்டிருப்பது பெரிய மாற்றம். அதைச் சிறுமைப்படுத்தும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அந்த இடத்தில் வெல்கிறவர் சேரி தேர்ந்தெடுத்தவரா என்று கேட்பது மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது. சாசனம் கேட்கவில்லை என்பதால் நாமும் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

கேட்க வழி உண்டு. ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் படிவம் 20 என்ற பட்டியலில் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று தேர்தல் துறை வெளியிடுகிறது. பல கிராமங்களில் காலனிக்கு ஒரு சாவடி, ஊருக்கு வேறு சாவடி. செய்யூரின் பட்டியலை எடுத்து இரண்டையும் பிரித்து வைத்தால் நாகப்பாவின் 35 விழுக்காட்டை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். அதே பட்டியலைத் தோற்ற வேட்பாளரின் ஆட்களும் படிக்கிறார்கள். ஐந்நூறு, அறுநூறு ஓட்டுள்ள சாவடியில் காலனி யாருக்குப் போட்டது என்பது எண்ணி முடித்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. கூலி வேலை, தண்ணீர், பாதை என எதில் வேண்டுமானாலும் அதற்கான பழி வரலாம். இதற்காகத்தான் பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்வைத்தது; சட்ட ஆணையம் 2015-இல் அதை ஆதரித்தது; அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கலந்து எண்ணினால் சேரியின் தேர்வு என்ன என்பதை நாம் இனி அறிய முடியாது. கலக்காமல் எண்ணினால் அதை அறிந்துகொள்வதில் முந்திக்கொள்பவர் பண்ணைக்காரர். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், நாகப்பாவின் கேள்விக்கு எண்ணாலான விடை கிடைக்காமல் போனாலும், கலந்து எண்ணுவதையே நான் கேட்பேன்.